முதலில் 108, பிறகு மகன்

"எது நடந்தாலும் முதலில் எனக்கு ஃபோன் பண்ணு." முதியவரைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடம் வீட்டார் சொல்லும் இந்த விதியை நான் ஏற்க மாட்டேன். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். நினைவும் மூச்சும் நின்றவருக்கு அந்தக் கெடுவும் இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தும் கைகள் அந்த நொடியே வேண்டும். மகனோ மீட்டிங்கில் இருப்பார். வாய் கோணியதைக் கண்ணால் பார்த்தவள் 108-ஐ அழைக்க யாரிடம் அனுமதி கேட்பது? மலம் அள்ள அவளை நம்புகிறார்கள் (பீரோவைப் பூட்டிக்கொண்டுதான்), அவள் கண்ணை நம்புவதில்லை. அழைத்தால் "ஏன் ஊரைக் கூட்டினாய்?", அழைக்காவிட்டால் "இவள்தான் கொன்றாள்". முதலுதவி பழக அவளுக்குக் கூலியோடு ஒரு நாள் கொடுங்கள். 108-ஐ அழைத்ததற்காக வேலை போகாது என்று எழுதியும் கொடுங்கள்.