பழைய டீசல் கார்: வயதா, நிலையா?

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையை அடுத்துள்ள பழவங்காடி, கணபதி கோயிலால் பெயர் பெற்ற இடம். புதிதாக மோட்டார் வண்டி வாங்குவோரில் பலர் அதனை முதலில் கொண்டு வந்து நிறுத்துவது இக்கோயிலின் முன்புதான். மாலை சூட்டித் தேங்காய் உடைத்து, வண்டியைச் சாலைக்கு அனுப்புவர். புது வண்டியை இவ்வளவு சிறப்பிக்கும் நம் மக்களிடையே, அதே வண்டி பதினைந்து ஆண்டுகள் உழைத்த பின் அதன் தகுதியை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் மட்டும் தெளிவு ஏற்படவில்லை. டீசல் கார்களைப் பொறுத்தவரை இது இன்று அவசரமான கேள்வியாகிவிட்டது.

2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கொச்சியில் நடந்த அமர்வில், பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் கேரளத்தின் ஆறு பெரு நகரங்களில் ஓடலாகாது என்று ஆணையிட்டது. அவற்றுள் திருவனந்தபுரமும் ஒன்று. அடுத்த மாதமே கேரள உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. அந்தச் சில வாரங்களில், வாடகைக் கார் ஒன்றையே நம்பிக் குடும்பம் நடத்துவோர் அடைந்த கலக்கம் சிறிதன்று. டில்லியிலோ, 2015-இல் பிறந்த இத்தகைய தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது; 2025-இல் அது மீண்டும் அந்நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு வந்தது.

இவ்வழக்கில் இரு பக்கமும் நியாயம் உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் திட்டவட்டமாக அறிவித்தது. சாலைத் தெருவின் கடைகளில் நாள் முழுவதும் அமர்ந்திருப்போரும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பள்ளிச் சிறுவரும் அப்புகையைச் சுவாசிக்கின்றனர். மறுபுறம், நன்கு பேணப்பட்ட வண்டியை அதன் பதிவுச் சான்றில் கண்ட தேதியை மட்டும் பார்த்துக் குப்பை என்று தள்ளுவது பொருளாதாரத்துக்கும் பொருந்தாது, விஞ்ஞானத்துக்கும் பொருந்தாது. வயது என்பது ஓர் அடையாளமே. அளந்தறிய வேண்டியது யந்திரத்தின் நிலை.

மதிப்பிடும் முறை

இன்று வழக்கிலுள்ள மதிப்பீடுகள் பெரும்பாலும் காலக் கணக்கையே பின்பற்றுகின்றன. இன்ஷூரன்ஸ் அட்டவணைப்படி, புதுக் காரின் மதிப்பு முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைகிறது. நான்கு ஆண்டு கடந்து ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அட்டவணையே இல்லை. கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்து கொள்ள வேண்டியதுதான். மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. கட்டணம் வளர்ந்த அளவுக்குச் சோதனையின் நுட்பம் வளர்ந்ததா என்பதே கேட்கத் தக்க கேள்வி.

பழைய டீசல் காரை வாங்குவோர் முதலில் பார்ப்பது மைல் கணக்கு காட்டும் கருவியை. அது எளிதில் மாற்றத் தக்கது. அதனினும் நம்பத் தக்க சாட்சிகள் வேறு உண்டு. இரவு முழுவதும் நின்ற எஞ்சின் காலையில் எத்தனை விரைவில் உயிர் பெறுகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி எவ்வளவு வேகமாக வெளிவருகிறது. நான்கு சிலிண்டர்களின் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்றாக உள்ளதா. கடற்காற்று வீசும் இந்நகரில் அடிச்சட்டத்தைத் துரு எவ்வளவு அரித்துள்ளது. இவற்றைச் சோதிக்க அரை நாள் போதும். பழுது பார்த்த ரசீதுகளை ஒழுங்காகச் சேர்த்து வைத்துள்ள உரிமையாளரின் வண்டிக்குச் சற்று அதிக விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

யந்திரத்தின் இயல்பு

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிகச் சிறிய இடத்தில் அமுக்குவதால் எழும் உஷ்ணமே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சின் முதல், 1980-ஐ ஒட்டி நம் நாட்டில் அம்பாஸடர் காரில் பொருத்தப்பட்ட 1,489 கன செண்டிமீட்டர் எஞ்சின் வரை தத்துவம் ஒன்றே. அந்த அம்பாஸடர் எஞ்சினில் காற்று 23-இல் ஒரு பங்காக அமுக்கப்படும். இத்தனை அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினின் உறுப்புகள் கனமாகவும் உறுதியாகவும் அமைக்கப்படுகின்றன. அதன் நீண்ட ஆயுளுக்கு இது ஒரு காரணம். 2014-இல் அம்பாஸடர் உற்பத்தி நின்ற பின்னரும் அவ்வண்டிகள் பல சாலையில் தொடர்ந்து ஓடியது இதற்குச் சான்று.

ஆனால் இவ்வெஞ்சினுக்கு ஒரு மென்மையான இடமும் உண்டு. எரிபொருளை அளந்து செலுத்தும் பம்பும், அதனைத் தூறலாகத் தெளிக்கும் இன்ஜெக்டரும் மிக நுண்ணிய இடைவெளியுடன் கடையப்பட்டவை. பழைய கார்களின் பம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு டீசலே மசகு எண்ணெய். அதில் தண்ணீரோ தூசியோ மண்ணெண்ணெயோ கலந்தால் பம்பு தேயும், தெளிப்பு கெடும், தெளிப்பு கெட்டால் புகை எழும்.

புகை கூறும் செய்தி

நாடி பார்த்து நோயறியும் வைத்தியரைப் போல, தேர்ந்த மெக்கானிக் புகையின் நிறத்தைக் கொண்டே கோளாறை ஊகிப்பார். கரும் புகை, எரிபொருள் மிகுந்ததையோ காற்றுக் குறைந்ததையோ காட்டும்; காற்று வடிகட்டியும் இன்ஜெக்டரும் அப்போது சோதிக்கத் தக்கவை. நீலப் புகை, மசகு எண்ணெய் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையங்களோ வால்வுத் தடுப்புகளோ தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் நீடிக்கும் வெண்புகை, டீசல் எரியாமல் வெளியேறுவதையோ, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிவதையோ குறிக்கும். மூன்றும் செலவுக்கு முன்னறிவிப்பு. பொருட்படுத்தாவிடில் செலவு பன்மடங்காகும்.

பேணுதல் என்பது பெரிய வித்தையன்று. குறித்த தூரத்துக்கு ஒருமுறை எண்ணெயும் அதன் வடிகட்டியும் மாற்றுதல்; டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை, சிறப்பாக ஜூன் மாதத்தில் பருவ மழை தொடங்கிய பின், அடிக்கடி வடித்து விடுதல்; வால்வு இடைவெளியைச் சரி பார்த்தல்; டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதனை அறுமுன் மாற்றுதல்; இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தல். இவ்வளவே. திருவிதாங்கூர் அரச குடும்பத்துத் தலைவராக விளங்கி 2013-இல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் காரைத் தம் இறுதிக் காலம் வரை இந்நகரிலேயே பேணி வைத்திருந்தார். அரண்மனையின் செல்வம் எல்லோருக்கும் இல்லை. அந்த ஒழுங்கோ எவருக்கும் எட்டக் கூடியது.

இன்னொரு கடமையும் உண்டு. மாற்றிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றலாகாது. பழவங்காடியை ஒட்டிச் செல்லும் தெக்கனங்கர வாய்க்காலைத் தூர் வாரி, வெள்ளத்தைத் தடுக்க 2015-இல் ‘ஆப்பரேஷன் அனந்தா’ என்ற பெரு முயற்சியே தேவைப்பட்டது. அவ்வாய்க்காலில் எண்ணெய் சேர்ப்பது ஊருக்கே செய்யும் தீங்காகும்.

எதிர்வாதத்துக்கு விடை

எவ்வளவு பேணினும் பழைய கார் புதுக் காருக்கு ஈடாகாது என்பர். இது உண்மையே, மறைப்பதில் பயனில்லை. பாரத் நிலை 3-ஐச் சேர்ந்த டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.05 கிராம் வரை புகைத்துகள் அனுமதிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பாரத் நிலை 6-இன் வரம்பு 0.0045 கிராம். முன்னது ஏறக்குறைய பதினோரு மடங்கு. இந்த முன்னேற்றத்துக்குப் புதிய வடிகட்டிகளோடு, கந்தகம் பத்து இலட்சத்தில் 350 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்த டீசலும் காரணமாகும்.

ஆயினும் காற்றைக் கெடுப்பது வரம்பு மட்டுமன்று, ஓடும் தூரமும்தான். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் பழைய கார், வரம்புப்படி 150 கிராம் துகளை விடும். 30,000 கிலோமீட்டர் ஓடும் புதுக் கார் 135 கிராம் விடும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எப்போதாவது வெளியே எடுக்கும் முதியவரின் காரையும், நாளெல்லாம் நகருக்குள் சுற்றும் வண்டியையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. அதே கணக்கின்படி, நகருக்குள் இடைவிடாது ஓடும் பழைய டீசல் வண்டி விரைவில் ஓய்வு பெற வேண்டியதே. உரிமையாளருக்கு அது கசப்பாயினும் ஏற்கத் தக்க முடிவு.

செய்யத் தக்கவை

முதலாவதாக, புகைச் சான்று வெறும் காகிதமாக இருத்தலாகாது. பாரத் நிலை 4-க்கு முந்திய டீசல் வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டலாகாது என்பது விதி. எஞ்சின் நன்கு சூடேறிய பின், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தி எடுத்தால்தான் அச்சோதனை மெய்யாகும். இரண்டாவதாக, 2021-இல் தொடங்கிய வாகனக் கழிவுத் திட்டம் விரும்பும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் மாவட்டந்தோறும் பெருக வேண்டும். மூன்றாவதாக, சோதனையில் தேறிய வண்டிக்கு அளவு முடிவுகள் அடங்கிய சான்றிதழ் அளித்து, அதனையே விற்பனைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஆதாரமாகக் கொள்ளலாம். நான்காவதாக, தேறாத வண்டியை ஒப்படைப்போருக்குத் திட்டம் கூறும் சாலை வரிச் சலுகை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்; அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவருக்கு அதுவே மறு வண்டியின் முன்பணமாகும்.

அளந்து தீர்ப்புக் கூறுவதே விஞ்ஞானத்தின் வழி. பேணியவனுக்குப் பயனும், பேணாதவனுக்குப் பொறுப்பும் ஏற்படும் முறை அமைந்தால், தெருவில் செல்வோரின் மூச்சும் காக்கப்படும், ஏழை ஓட்டுநரின் பிழைப்பும் காக்கப்படும்.