கை மட்டும் பளபளக்கும் கோபக்காரப் பையன்!

கடையில் கேட்ட பொம்மையை வாங்கித் தராமல் வீட்டுக்குக் கிளம்பினால் மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? இரண்டு கைகளையும் இறுக்கி, ஒரு காலைத் தூக்கி, வாயைக் கோணி ஓவென்று கத்தும். அந்த நொடியில் அப்படியே வெண்கலமாக உறைந்துபோன ஒரு பையன், நார்வே தலைநகர் ஓஸ்லோவில் இருக்கிறான். விகெலாண்ட் சிற்பப் பூங்காவின் பாலத்தில்தான் அவன் நிற்கும் இடம்.

பெயர் 'சின்னாடாகன்'. 'சின்ன' பையன் என்று நாம் நினைத்துவிடுவோம். ஆனால் நார்வே மொழியில் 'சின்னா' என்றால் கோபம்!

அந்தப் பாலத்தில் மொத்தம் 58 வெண்கலச் சிற்பங்கள். எல்லாம் மழையிலும் பனியிலும் நின்று கறுத்து, பச்சை ஓடிக் கிடக்கின்றன. இவனும் அப்படித்தான், இடது கையைத் தவிர. அது மட்டும் புதுப் பித்தளைக் குடம்போல மின்னுகிறது. அவன் கையைப் பிடித்தால் அதிர்ஷ்டம் வரும் என்று ஒரு நம்பிக்கை. வருகிறவர்கள் எல்லோரும் பிடிக்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், நகர்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வரும் பூங்கா அது.

அழகாகத்தானே இருக்கிறது, இதில் என்ன பிரச்னை?

செம்பும் வெள்ளீயமும் கலந்ததுதான் வெண்கலம். திறந்த வெளியில் வைத்தால் காற்றும் ஈரமும் பட்டு அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகும். பார்க்க அழுக்குபோல இருந்தாலும், உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுதான் போர்வை. நம் விரல்களில் இருக்கும் உப்பும் வியர்வையும் அந்தப் போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துவிடுகின்றன. மறுபடி படலம் கட்டுவதற்குள் அடுத்த கை வந்துவிடுகிறது. ஒருவர் தொட்டால் ஒன்றுமில்லை. லட்சக்கணக்கானவர்கள் தொட்டால் அடியில் இருக்கும் உலோகமே தேயும். விரல்களுக்கு இடையில் சிற்பி பார்த்துப் பார்த்துச் செய்த கோடுகள்தான் முதலில் மழுங்கும்.

அந்தச் சிற்பி குஸ்தாவ் விகெலாண்ட். 1869-ல் பிறந்தவர். அவருடைய பழைய வேலைக்கூடம் இருந்த கட்டடத்தை இடிக்க நகராட்சி முடிவெடுத்தபோது இழுபறி நடந்தது. கடைசியில் 1921-ல் ஓர் ஒப்பந்தம். நகராட்சி புதிதாக வேலைக்கூடமும் வீடும் கட்டித் தரும். பதிலுக்கு, அவர் படைப்பது எல்லாம் நகரத்துக்கே சொந்தம். யாருக்கு லாபம் என்று கேட்டால், பூங்காவைப் பார்த்தவர்கள் தயங்காமல் நகரத்துக்குத்தான் என்பார்கள். வெண்கலம், கருங்கல், இரும்பு என 200-க்கும் அதிகமான சிற்பங்கள்! ஒரே கல்லில் 121 உருவங்கள் பின்னிக்கொண்டு மேலே ஏறும் தூண் ஒன்றும் அதில் உண்டு.

பெரும்பாலான சிற்பங்களுக்கு உடை கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் நெளியலாம். பிறகு அது மறந்துபோகும். காரணம், எல்லாம் நம் வீட்டுக் காட்சிகள். ஓர் ஆள் ஒற்றைக் காலில் நின்று தத்தளிக்க, நான்கு குழந்தைகள் அவன் கையிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு படாதபாடு படுத்துகின்றன. பெற்றவர்கள் யாரும் அங்கே சிரிக்காமல் கடக்க முடியாது. இத்தனைக்கும் அவன் கையைப் பிடிக்க யாரும் வரிசையில் நிற்பதில்லை!

கோபக்காரப் பையனின் புகழ் அவனுக்கே வினையானதும் உண்டு. 1992 புத்தாண்டை ஒட்டி யாரோ அவனைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஒரு கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தான். மீண்டும் பாலத்துக்கே வந்தான். மீண்டும் கையைப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

சுற்றி வேலி போட்டுவிடலாமே என்று தோன்றும். கண்ணாடிக் கூண்டுக்குள் கோபித்துக்கொண்டு நிற்கும் குழந்தையைக் கற்பனை செய்து பாருங்கள், பாவமாக இருக்கும். இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணமே இல்லாத பூங்கா அது. குழந்தைகள் ஓடிவந்து, தங்கள் உயரத்திலேயே தங்களைப்போல ஒருவன் அழுவதைப் பார்த்துத் திகைக்கும் இடம். வேலி வந்தால் அந்தத் திகைப்பு போய்விடும். அதனால் கையைத் தொடாமல் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு ஒரே வழி. வேண்டுமானால் அவனைப்போலவே முகத்தைக் கோணிக்கொண்டு நிற்கலாம். படமும் நன்றாக வரும்.

அந்தப் பாலத்தை 1940-ல்தான் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாடு ஜெர்மானியப் படைகளின் பிடியில் விழுந்த ஆண்டு அது. 1943-ல் விகெலாண்ட் இறந்தபோது பூங்கா முழுமை பெறவில்லை. நகராட்சி கட்டித் தந்த அந்த வேலைக்கூடம் இப்போது அருங்காட்சியகம். பூங்காச் சிற்பங்களுக்காக அவர் செய்த பிளாஸ்டர் வடிவங்கள் அங்கே இருக்கின்றன. அவருடைய அஸ்தியும் அதே கட்டடத்தின் கோபுரத்தில்தான் இருக்கிறது. பாலத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.