எதை வைத்துக் கூட்டுவது?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரமெங்கும் எண்ணெய் படர்ந்தது. அரசு அறிவித்த நிவாரணம்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் சுமார் 8.69 கோடி ரூபாய். எம்.எஸ். ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இதைக் கூட்டுவது நிமிட வேலை. ‘டோட்டல்ஸ்’ பொத்தானை அழுத்தி, வகைக்கு ‘குரூப் பை’, தொகைக்கு ‘சம்’ கொடுத்தால் முடிந்தது. கூட்டலில் கணினி தவறாது. ஆனால் குடும்பத்துக்கு ஒரு வரி என்று பதிந்துவிட்டால், கூடையில் மீன் விற்கும் பெண்ணும், அங்குள்ள கொசஸ்தலையாற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவரும் எந்தக் குழுவிலும் தனியாகத் தெரியமாட்டார்கள். (தொழில் கட்டத்தைக் காலியாக விட்டால், அந்தக் கட்டத்துக்குக் கொடுக்கும் ‘கவுண்ட்’ அதை எண்ணுவதே இல்லை!) கோடிக்கணக்கு தலைப்புச் செய்திக்கு உதவும். மீனவக் குப்பத்துக்கு வேண்டியது ஊர்வாரியாக, தொழில்வாரியாகப் பிரித்துக் கூட்டிய பட்டியல். அதைப் பணம் பட்டுவாடா ஆகும் முன்பே ஊரில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும்.