விளாங்குடித் தெருவுக்கு யார் பொறுப்பு?

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு விளாங்குடி ஒரு நிறுத்தம். இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்கோ அது நடந்து கடக்க வேண்டிய தெரு. விளக்கு எரிகிறதா, காலி மனையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதா, கூப்பிட்டால் யாராவது கதவைத் திறப்பார்களா என்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

2011 வரை விளாங்குடி தனிப் பேரூராட்சி. அந்த ஆண்டு மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. 72 வார்டுகள் 100 ஆயின. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். புதிதாகச் சேர்ந்த புறநகர் மக்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரே இல்லை. தெருவிளக்குப் புகாரைக்கூட அதிகாரிகளிடம் மட்டுமே சொல்ல முடிந்தது.

மக்களைப் பாதுகாப்பில் பங்கெடுக்கச் செய்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. 1993இல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்’ என்ற தன்னார்வலர் அமைப்பு பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது. காவல் நிலையத்துக்குப் போகவே அஞ்சிய சாமானியருக்கு அந்தப் பயத்தைப் போக்குவது நல்ல நோக்கம். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் தெளிவானது. குடியிருப்பவர்களைக் காவல் நிலையத்தின் கையாட்களாக்கக் கூடாது; நிலையத்தையும் மாநகராட்சியையும் பதில் சொல்ல வைப்பவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் ஒன்றுசேர்ந்தால் பயன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் சக ஆய்வாளர்களும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டறிந்து 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. நிதிக் குறைப்பால் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஆபத்து வந்தால் ஒன்றுசேர்வார்களா என்பது இன்னொன்று. ஒருவரை ஒருவர் நம்பி, பொதுக் காரியத்துக்கு முன்வரும் பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது.

சென்னையில் 2017 வாக்கில் தொடங்கிய ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் குடியிருப்போரும் கடைக்காரர்களும் சேர்ந்து கேமரா வாங்கிப் பொருத்தினார்கள். செயின் பறிப்பில் துப்புத் துலக்க அவை உதவும், சந்தேகமில்லை. ஆனால் எரியாத விளக்கையும் மூடாத சாக்கடையையும் சரிசெய்யக் கேமராவால் ஆகாது. அதற்கு மனிதர்கள் கூடிப் பேச வேண்டும்.

கூடுவதற்கு இடமும் இருக்கிறது. கிராமங்களுக்குக் கிராம சபை போல, நகரத்துக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலமெங்கும் இந்தக் கூட்டங்கள் நடந்தன. சென்னையை அடுத்த பம்மலில் முதல்வர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். அன்றைய உற்சாகம் ஒவ்வொரு கூட்டத்திலும் தொடர வேண்டும். எந்த நாள், எந்த இடம் என்று தெருவாசிகளுக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் அழைக்கப்பட்ட நாலு பேரோடு கூட்டம் முடிந்துவிடும். மாலையில் சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் பெண்களைப் பிடித்துவைக்கும் என்பதால் நேரத்தையும் அவர்களைக் கேட்டே குறிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களை வெளியூர்க்காரர் என்று ஒதுக்கவும் கூடாது. அதே இருட்டில் அவர்களும்தானே நடக்கிறார்கள்!

விளாங்குடியில் அடுத்த பகுதி சபைக்கு முன்பே தேதியும் இடமும் ரேஷன் கடை வாசலில் ஒட்டப்படட்டும். தெருவாரியாக எரியாத விளக்குகள், புதர் மண்டிய மனைகள் ஆகியவற்றின் பட்டியலை மக்களே எழுதி எடுத்துவரட்டும். மாநகராட்சிப் பொறியாளரும் காவல் நிலைய அதிகாரியும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த கூட்டம் அந்தத் தாளை வாசித்துத் தொடங்கட்டும்.