ஏரிக்கரையில் விளையும் உரிமை

ஓர் ஏரியை வெட்டுவதற்கு ஒரு தலைமுறையின் உழைப்பு போதுமானதாக இருக்கலாம். அதை ஏரியாகவே வைத்திருப்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஆண்டுதோறும் உழைத்தாக வேண்டும். மழைநீரோடு வரும் வண்டல் அடியில் படிவதும், வரத்துக்கால்வாய்களில் புதர் மண்டுவதும், கரையில் எலியும் நண்டும் வளை தோண்டுவதும் ஓயாமல் நிகழ்பவை. இவற்றை அந்தந்த ஊராரே கூடிச் சீர்செய்யும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ‘குடி’ ஊரில் வாழ்வோரையும், ‘மராமத்து’ பழுதுபார்ப்பையும் குறிக்கும். ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ள தமிழ்நாட்டில், உள்ளூர்த் தன்னார்வத் தொண்டின் பயனை எடைபோட இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

முதற்பயன் அறிவு. தூர்வாருதல் என்பது கண்ட இடத்தில் மண்ணை அள்ளுவதன்று. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை வலுவிழக்கும். பாசனத்துக்கு நீரைத் திறந்துவிடும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே ஆழப்படுத்தினால், அங்கே தேங்கும் நீர் வாய்க்காலுக்குத் தானாகப் பாயாது. வண்டல் எங்கே தடித்துக் கிடக்கிறது, கோடையில் கடைசியாக வற்றும் பள்ளம் எது, மிகைநீர் வழியும் கலங்கலில் அரிப்பு எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பவற்றை வெளியூரிலிருந்து இயந்திரத்தோடு வருபவர் அறிவது அரிது. மூத்தவர்களோடு ஒரு கோடை முழுவதும் மண்வெட்டி பிடிக்கும் இளைஞரோ அவற்றை வேலையின் போக்கிலேயே கற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது பயன் உரிமையுணர்வு. தன் கையால் தூர்வாரிய கால்வாயில் குப்பை கொட்டப்படுவதையோ, நீர்பிடிப்புப் பகுதியில் வேலி முளைப்பதையோ ஒருவர் பார்த்தும் பாராமல் கடந்துபோவதில்லை. தலைமடையில், அதாவது நீர் முதலில் பாயும் வயல்களில், உழுபவரும், அது கடைசியாகச் சென்றடையும் கடைமடையில் உழுபவரும் ஒரே கரையில் நின்று மண் சுமந்திருந்தால், தண்ணீர் குறையும் ஆண்டில் வரும் பூசலைப் பேசித் தீர்ப்பதற்கு அந்தப் பழக்கமே துணையாகிறது.

எனினும் பழமை முழுவதும் போற்றத்தக்கதன்று. 10ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குறிப்பிடும் ஏரி வாரியம், ஏரிகளைப் பராமரிக்கும் பொறுப்பேற்ற குழு, நிலம் உடையோருக்கே உரியதாக இருந்தது. கரையில் உழைத்தோர் பலருக்கு அதன் நீரில் பங்கில்லை. சாதிப் படிநிலை அவர்களது உழைப்பைக் கடமையாக்கி, முடிவெடுக்கும் உரிமையை மறுத்தது. 1858இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டம் மராமத்துப் பணிக்கு ஆள்களை வற்புறுத்தி அழைக்க வழிசெய்தது. வற்புறுத்திப் பெறும் உழைப்பு தொண்டாகாது என்பதால், இன்றைய முயற்சிகளில் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் உழைப்பில் மட்டுமன்றி, முடிவிலும் சமபங்கு இருந்தாக வேண்டும்.

அரசின் பொறுப்பும் இதனால் குறைவதில்லை. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீட்டெடுத்தபோது, செலவில் 10 விழுக்காட்டைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. மதகைப் புதுப்பிக்கும் நிதியும், ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரமும் அரசிடமே உள்ளன. அவற்றைச் செயற்படுத்தும்படி அரசைத் தொடர்ந்து கேட்கும் குரல் ஊரிலிருந்தே எழ வேண்டும். ஏரியின் ஒவ்வொரு மடையையும் அறிந்து, அதன் சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் எழுப்பும் அந்தக் குரலை எந்த அலுவலகமும் எளிதில் புறந்தள்ள முடியாது.