சும்மா நிற்கும் மோட்டருக்கு எதற்கு முழுக் கரண்ட்?

"ஸ்டெப்பர் மோட்டர் நிற்கும்போதும் முழுக் கரண்ட் கொடுத்தே ஆக வேண்டும். குறைத்தால் பொசிஷன் போய்விடும். சூரியன் இலவசம்தானே, ஏன் கவலை?" மொனராகலைப் பண்ணைகளுக்குச் சோலர் டிராக்கர் பொருத்தித் தரும் ஆலோசகர் ஒருவர் இப்படி உபதேசம் செய்துவருகிறார்.

சூரியன் இலவசம் ஐயா. பற்றரியை யார் இலவசமாகத் தருகிறார்கள்?

கணக்கைப் பார்ப்போம். சுருளுக்கு 1.5 அம்பியர், தடை 2 ஓம் என்று வையுங்கள். இரண்டு சுருளிலும் முழுக் கரண்ட் ஓடினால் 9 வொட் வெறும் சூடாகவே போகிறது. 24 மணி நேரத்துக்கு 216 வொட்-மணி. 12 வோல்ட், 40 அம்பியர்-மணி ஈய பற்றரியில் இருப்பதே 480. பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போகும். அதாவது, ஒரு சோலர் தட்டை அசையாமல் பிடித்துவைக்கவே பற்றரியின் ஒருநாள் பங்கு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். சூரியனோ மணிக்கு 15 பாகைதான் நகர்கிறது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சில விநாடி அசைந்தால் போதும். இரவில் அந்த வேலையும் இல்லை.

கரண்டைப் பாதியாக்கினால் சூடு காற்பங்காகும், ஏனென்றால் இழப்பு கரண்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. 216 என்பது 54 ஆகிவிடும். பிடிமானம் ஏறத்தாழப் பாதிதான் குறையும். டிஎம்542 ட்ரைவரில் இதற்கென்றே நாலாவது சுவிட்ச் இருக்கிறது. டிஎம்சி2209இல் நிற்கும் கரண்டைத் தனியாகவே குறித்துக்கொடுக்கலாம். தயாரித்தவர்கள் தெரியாமலா வைத்தார்கள்?

"மோட்டர் சூட்டைத் தாங்கும்" என்கிறார். தாங்கும்தான். இங்கே பேச்சு பற்றரியைப் பற்றியது.

அடுத்தது அவருடைய பெரிய பூச்சாண்டி: பொசிஷன். ஏ4988 ட்ரைவர் சிப்பில் எனேபிள் பின்னைக் கொண்டு கரண்டை நிறுத்தினாலும் சிப் தன் படியை மறப்பதில்லை. திரும்பக் கொடுக்கும்போது, தண்டு இரண்டு முழுப் படிக்குள், அதாவது வழக்கமான மோட்டரில் 3.6 பாகைக்குள், விலகியிருந்தால் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். ஸ்லீப் பின்னைத் தொட்டால் சிப் ஆரம்ப நிலைக்குப் போகும். இரண்டையும் குழப்பிவிட்டுப் பழியை மோட்டர் மேல் போடுகிறார்.

கச்சான் காற்றில் தட்டு திரும்பிவிடும் என்ற பயம் மட்டும் நியாயமானது. அதற்கு மருந்து கரண்ட் அல்ல, வேர்ம் கியர். மோட்டர் தட்டைச் சுழற்றும். சரியான கோணத்தில் வெட்டிய கியரில் தட்டால் மோட்டரைச் சுழற்ற முடியாது. கரண்டை முழுதாக நிறுத்தினாலும் தட்டு நிற்கும். செங்குத்தாகப் பாரம் தூக்கும் இடமென்றால் கரண்ட் போனதும் பிடிக்கும் பிரேக் வேண்டும். அங்கே முழுக் கரண்டை நம்புகிறவர் ஒரு ஃபியூஸ் போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லட்டும்.

உங்கள் பெட்டியில் டிஎம்542 இருந்தால், பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நாலாவது சுவிட்சை ஓஃப் பக்கம் தள்ளுங்கள். மோட்டர் நின்றபின் பற்றரி வயரில் மீட்டர் வைத்து, அந்த எண்ணை ஆலோசகருக்கு அனுப்புங்கள்.