எட்டிப் பார்க்காத காதல்

தொட்டவரின் எதிர்காலம் தெரிந்துவிடும் ஒரு பள்ளி மாணவி, தொட்டவரின் கடந்தகாலம் தெரிந்துவிடும் ஒரு மாணவன். இப்படி இரண்டு பேர் கிடைத்தால் பெரும்பாலான கதாசிரியர்கள் அவர்களை உடனே வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் கொலைகாரனைக் கண்டுபிடிக்க வேண்டும், அவள் உலக அழிவைத் தடுக்க வேண்டும். ஜப்பானின் சகுரா ட்சுகுபா அவர்களைக் காதலிக்க மட்டும் விட்டார். 1990களின் இறுதியில் தொடங்கி ஒன்பது தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ‘மெகாகுஷி நோ குனி’ என்ற மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், உலகம் ஒருமுறைகூட அழிவின் விளிம்புக்குப் போவதில்லை. வகுப்பறை, மாடிப்படி, தோழியின் கவலை, சொல்லத் தயங்கும் ஒரு வார்த்தை என்று நகரும் கதை அது. பதின்வயதுப் பெண்களுக்காக வரையப்படும் ஷோஜோ மாங்காவில் இந்த வகைக் கதைக்கு நீண்ட மரபு உண்டு. இனிமையானது, பொழுதுபோக்கானது, ஆனால் கனமில்லாதது என்பதே அதைப் பற்றிய பொதுவான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறு. அந்த மென்மைக்குள் கறாரான ஓர் ஒழுக்கம் இருக்கிறது. இன்னொருவரைப் பற்றி எல்லாவற்றையும் அறிய முடிகிறபோதும், அவர் அனுமதிக்காததை அறியாமல் விடுவதுதான் நேசம் என்பது அது. இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வெகுஜனக் கலைவடிவம் வேறு அதிகம் இல்லை.

அமானுஷ்ய சக்தி கொண்ட சிறுவர்கள் ஜப்பானியக் கதைகளில் ஏன் இத்தனை பேர் என்று கேட்டால், 1970களுக்குப் போக வேண்டும். நாஸ்ட்ரடாமஸின் தீர்க்கதரிசனங்களைப் பற்றி பென் கோட்டோ எழுதிய நூல் 1973இல் அங்கே பரபரப்பாக விற்றது. மறு ஆண்டு யூரி கெல்லர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தோன்றி மனோசக்தியால் வளைப்பதாகச் சொல்லிக் கரண்டியை வளைத்துக் காட்ட, நாடு முழுவதும் பிள்ளைகள் கையில் கரண்டியோடு உட்கார்ந்தார்கள். அந்த மோகம் பிறகு இரண்டு திசைகளில் பிரிந்தது. ஒரு திசையின் உச்சம் கட்சுஹிரோ ஒடோமோவின் ‘அகிரா’. 1982இல் தொடங்கி 1990 வரை வந்த அந்தப் படைப்பில் பதின்வயதுப் பையனின் மனோசக்தி என்பது ராணுவத்தின் ரகசியம், அரசின் ஆயுதம், டோக்கியோவைத் தரைமட்டமாக்கும் வெடிப்பு. மகத்தான படைப்புதான். ஆனால் சக்தி என்றால் அழிக்கும் ஆற்றல் என்ற கணக்கை அது ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறது. ஷோஜோ மாங்கா போன திசையில் அந்தக் கணக்கே வேறு. மோட்டோ ஹாகியோ 1975இல் வரைந்த ‘பதினொரு பேர் இருக்கிறார்கள்’ என்ற கதையில், விண்வெளிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வின் இறுதிக் கட்டத்துக்காக ஒரு கப்பலுக்கு அனுப்பப்பட்ட பத்துப் பேர் குழுவில் பதினோராவது ஆள் ஒருவர் இருக்கிறார். இயல்பிலேயே உள்ளுணர்வு மிகுந்த டாடா என்ற இளைஞன் மற்றவர்களுக்குத் தெரியாததை உணர்கிறான். அதனாலேயே அவன் மீது சந்தேகம் திரும்புகிறது. அதிகம் தெரிந்தவனை மற்றவர்கள் நம்புவதில்லை, அஞ்சுகிறார்கள். சக்தியின் விலையை அழிவில் அளக்காமல் உறவில் அளக்கும் பார்வை அங்கே துலக்கமாகத் தெரிகிறது.

இந்தப் பார்வை ஷோஜோவில் வேரூன்றியதற்கு அந்தக் கலையின் வடிவமே காரணம். ஹாகியோ, கெய்கோ டகேமியா, யுமிகோ ஓஷிமா உள்ளிட்ட, 1949ஐ ஒட்டிப் பிறந்த பெண் ஓவியர்கள் 1970களில் மாங்காவின் பக்க அமைப்பையே மாற்றினார்கள். படச்சட்டங்களின் கோடுகளைக் கலைத்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கினார்கள். முக்கியமாக, பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்லாத எண்ணங்களைப் பேச்சுக் குமிழிக்கு வெளியே, பக்கத்தின் வெள்ளைப் பரப்பில் மிதக்கவிட்டார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டும் வாசகி அடிப்படையில் ஒரு மனம் படிப்பவள். அவன் என்ன நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், எதிரே நிற்கும் கதாநாயகிக்குத் தெரியாது. ஷோஜோ காதலின் இன்ப வேதனை முழுக்க இந்த இடைவெளியில் பிறக்கிறது. ஆகவே ஒரு பாத்திரத்துக்கு மனம் படிக்கும் ஆற்றலைக் கொடுப்பது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய விசித்திரம் ஆகாது. வாசகி பக்கத்துக்குப் பக்கம் செய்துகொண்டிருப்பதைக் கதைக்குள் இருக்கும் ஒருத்தியின் கையில் கொடுத்து, ‘இந்த வசதி உனக்கே கிடைத்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்பது அது. வாசகிக்கு விலையின்றிக் கிடைக்கும் வசதி, கதைக்குள் இருப்பவளுக்குப் பொறுப்பாக மாறிவிடுகிறது.

‘மெகாகுஷி நோ குனி’யின் தலைப்பே கண்கட்டியவர்களின் நாடு என்பது. எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் நாட்டில் தன் கட்டு மட்டும் சற்று நழுவியிருப்பதாகக் கனாடே என்ற நாயகி உணர்கிறாள். அவளுக்குத் தெரிவது எதிர்காலத்தின் துண்டுகள் மட்டுமே, அதுவும் அவள் விரும்பும் நேரத்தில் அல்ல. அரோ என்ற மாணவனுக்குத் தெரிவது மற்றவர்களின் கடந்தகாலம். மூன்றாவதாக வரும் நமிகிக்கும் எதிர்காலம் தெரியும், ஆனால் அவன் அதைத் தன் ஆதாயத்துக்கான கருவியாகத்தான் முதலில் பார்க்கிறான். ஒரே வகை ஆற்றலின் முன்னால் மூன்று மனநிலைகளை நிறுத்தி ட்சுகுபா ஒப்பிட வைக்கிறார். கனாடேவுக்கும் அரோவுக்கும் சக்தி பெருமையைத் தருவதில்லை, தயக்கத்தைத் தருகிறது. சாதாரணக் காதல் கதையில் கைகோத்தல் ஒரு படி முன்னேற்றம். இங்கே கைகோத்தல் என்பது ஒருவரின் வாழ்க்கைக்குள் கேட்காமல் நுழைந்துவிடும் ஆபத்து. தன்னைத் தொட்டால் தன் கடந்தகாலம் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று அறிந்தே ஒருத்தி கையை நீட்டினால், அந்தக் கை நீட்டலுக்கு வேறு எந்தக் காதல் வசனத்தையும்விட எடை அதிகம். தொடுவதற்கு முன் சம்மதம் வேண்டும் என்பதைப் போதனையாகச் சொல்லாமல், கதையின் இயக்கமாகவே வைத்திருக்கிறார் ஆசிரியர்.

இதே தர்க்கத்தை வேறு அளவில் காட்டுவது தச்சிபானா ஹிகுச்சியின் ‘காகுஎன் ஆலிஸ்’. 2000களின் தொடக்கத்தில் ‘ஹனா தோ யுமே’ இதழில் ஆரம்பித்து 2013 வரை, 31 தொகுதிகளுக்கு நீண்ட கதை. விசேஷ ஆற்றல் கொண்ட குழந்தைகளுக்கான பள்ளி அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கிறது. ஆபத்தான ஆற்றல் உள்ளவர்களை ரகசிய வேலைகளுக்கும் அனுப்புகிறது. நெருப்பை ஏவும் நட்சுமே என்ற சிறுவன் தன் ஆற்றலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தன் ஆயுளைச் செலவழிக்கிறான். அந்தப் பள்ளிக்கு வரும் நாயகி மிகானிடம் முதலில் வெளிப்படும் ஆற்றல் என்ன தெரியுமா? மற்றவர்களின் ஆற்றலைச் செயலிழக்கச் செய்வது. பறக்கவோ எரிக்கவோ மனத்தைப் படிக்கவோ முடியாத, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத சக்தி. அவள் அருகில் இருந்தால் சக்தி சுமையாக இருப்பவர்கள் சற்று நேரம் வெறும் பிள்ளைகளாக இருக்கலாம். ஒரு பெண் பாத்திரத்துக்குத் தரக்கூடிய மிகப் பெரிய வல்லமை, வல்லமையை நிறுத்தும் வல்லமை என்று ஓர் ஆசிரியர் முடிவெடுத்திருக்கிறார் என்றால், அதை ‘சின்னப் பெண்களுக்கான கதை’ என்று கடந்துபோவது சோம்பேறித்தனம்.

எதிர்வாதங்களில் வலுவானது, இவை மூடநம்பிக்கையை வளர்க்கின்றன என்பது. அதற்குச் சான்றும் உண்டு. சகி ஹிவாதாரியின் ‘போகு நோ சிக்யூ வோ மமோட்டே’ 1986இல் தொடங்கி 1994இல் முடிந்தது. நிலவில் இருந்த வேற்றுக்கிரக விஞ்ஞானிகள் ஜப்பானியப் பள்ளி மாணவர்களாக மறுபிறவி எடுத்து, கனவுகள் வழியே ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் கதை அது. அந்தக் காலத்தில் அமானுஷ்ய இதழ்களின் வாசகர் பக்கங்களில் தங்கள் முற்பிறவித் தோழர்களைத் தேடிக் கடிதம் எழுதுவது இளம்வயதினரிடம் பரவியிருந்தது. இந்தக் கதையும் அந்த அலையோடு சேர்த்துப் பேசப்பட்டது. முழுக்க முழுக்கக் கற்பனை இது என்று ஹிவாதாரியே தொகுப்பு நூல் ஒன்றில் வாசகர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. பதினாறு வயது நாயகிக்கும் ஏழு வயதுச் சிறுவனுக்கும் இடையே முற்பிறவி உறவை வைத்த கதை, அதில் வரும் வன்முறையோடு சேர்த்து, இன்று வாசிக்கும்போது நெருடுகிறது. இந்த மரபு எல்லாமே தூய்மையானது என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் அந்தக் கதை எதன் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முற்பிறவி நினைவு திரும்புவதை அது வரமாகக் காட்டுவதில்லை. பழைய காதலும் பழைய வஞ்சமும் புதிய பிள்ளைகளின் வாழ்க்கையை ஆக்கிரமித்துச் சிதைப்பதைத்தான் தொகுதி தொகுதியாகக் காட்டுகிறது. அதைப் படித்துவிட்டு முற்பிறவியைத் தேடிப் போனவர்கள் கதையின் எச்சரிக்கையை விட்டுவிட்டு அலங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிழையின் பொறுப்பில் பெரும்பங்கு, கரண்டி வளைப்பை உண்மையென்று காட்டிய தொலைக்காட்சிக்கும், நாஸ்ட்ரடாமஸின் பெயரால் நடக்காத அழிவுக்குத் தேதி சொன்ன புத்தகங்களுக்கும் உரியது. புனைவைப் புனைவென்று சொன்ன ஓவியருக்கு அதில் பங்கு குறைவு.

இரண்டாவது எதிர்ப்பு பெண்ணியத் தரப்பிலிருந்து வரக்கூடியது. ஆண்பிள்ளைகளின் மாங்காவில் சக்தி கிடைத்தவன் உலகை ஆள்கிறான், பெண்பிள்ளைகளின் மாங்காவில் சக்தி கிடைத்தவள் கையை மடக்கிக்கொள்கிறாள். அடக்கம் என்ற பழைய பாடத்தைப் புதிய அட்டையில் விற்பதுதானே இது? அதோடு, தெரிந்தும் சும்மா இருப்பது எப்போதும் நற்பண்பாகிவிடுமா? இந்தக் கேள்வி நியாயமானது. பதிலும் கதைகளிலேயே இருக்கிறது. கனாடே சும்மா இருப்பவள் அல்ல. யாருக்காவது தீங்கு நேரப்போவது கண்ணில் பட்டால் அவள் ஓடுகிறாள், தன்னை விசித்திரப் பிறவியாக மற்றவர்கள் பார்க்கும் அபாயம் இருந்தும் தலையிடுகிறாள். அவள் மறுப்பது தலையிடுவதை அல்ல, இன்னொருவரின் அந்தரங்கத்தை உடைமையாக்கிக்கொள்வதை. இந்த வேறுபாடு முக்கியமானது. அடக்கம் என்ற பழைய பாடம் பெண்ணை மட்டும் கட்டுப்படுத்தியது. இந்தக் கதைகளோ ஆற்றல் உள்ள எல்லோரையும் கட்டுப்படுத்துகின்றன. அரோவுக்கும் அதே விதிதான், நமிகி கற்றுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான். சொல்லப்போனால், காதலியின் கடந்தகாலத்தைக் கிளறாமல் இருக்க ஓர் ஆண் பாத்திரத்தைப் பழக்கும் கதை, காதல் கதைகளின் உலகளாவிய வழக்கத்துக்கே எதிரானது.

மூன்றாவது, இதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சின்ன விஷயம், பணயம் வைக்க எதுவுமில்லை என்ற அலட்சியம். பணயம் என்ன என்பதை நம் காலமே காட்டிவிட்டது. நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறார்கள், அவர்கள் கைபேசியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்பதுவரை வரைபடத்தில் காட்டிய பிரெஞ்சுச் செயலி ஜென்லி, ஜப்பானிய இளம்வயதினரிடம் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதை விலைக்கு வாங்கியிருந்த ஸ்னாப் நிறுவனம் 2023இல் மூடியதும், அந்த இடத்தை நிரப்ப வேறு செயலிகள் வந்துவிட்டன. ஒருவரின் நேற்றைய இரவைப் பார்க்க அரோவுக்கு ஒரு தொடுதல் தேவைப்பட்டது, நமக்கு அதுவும் தேவையில்லை. கடவுச்சொல்லைத் தந்தால்தான் நம்பிக்கை, இருப்பிடத்தைக் காட்டினால்தான் காதல் என்ற பேரம் உலகமெங்கும் பதின்வயதினரிடையே நடக்கிறது. பாதுகாப்புக்காகப் பகிர்வதில் தவறில்லை என்பார்கள். பகிர்பவர் விரும்பிப் பகிர்ந்து, விரும்பியபோது நிறுத்தவும் முடிந்தால் தவறில்லைதான். கேட்டுப் பெற்ற அனுமதிக்கும் நச்சரித்துப் பெற்ற அனுமதிக்கும் உள்ள தூரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளக்குவதுதான் கடினம். சட்டப் பிரிவுகளாலும் அறிவுரைகளாலும் முடியாத அந்த விளக்கத்தை, கைநீட்டத் தயங்கும் இரண்டு மாணவர்களின் கதை இயல்பாகச் செய்துவிடுகிறது.

இத்தனைக்கும் இந்தப் படைப்புகள் எளிதில் மறக்கப்படுகின்றன. ‘மெகாகுஷி நோ குனி’யை ஆங்கிலத்தில் வெளியிட்ட டிசி காமிக்ஸின் சிஎம்எக்ஸ் என்ற மாங்காப் பிரிவு 2010இல் மூடப்பட்டது. ‘அகிரா’ திரைப்படமாகி உலகம் சுற்றி, ஆய்வரங்குகளில் பேசப்படுகிறது. அதில் குறையொன்றும் இல்லை. நகரத்தை அழிக்கும் சக்தியைப் பற்றிய கதை பெரிய கதை என்றும், மனத்துக்குள் அத்துமீறும் சக்தியைப் பற்றிய கதை சிறிய கதை என்றும் வைத்திருக்கும் நம் அளவுகோலில்தான் குறை. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு நகரத்தையும் அழிக்கப் போவதில்லை. நெருங்கியவரின் கைபேசி மேசைமேல் திறந்து கிடக்கும் தருணம் எல்லோருக்கும் வரும். அறியும் வசதிகள் இனிக் குறையப்போவதில்லை. எனவே அறியும் உரிமை யாருக்கு, எப்போது, யாருடைய சம்மதத்தின் பேரில் என்ற கேள்வியை இளம்வயதிலேயே கேட்கப் பழக்கும் கதைகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் நூலகங்களும் விமர்சகர்களும் விளையாட்டுப் புத்தகங்கள் என்று ஒதுக்கிவைப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.